டயருக்குள் போட்ட பிள்ளையார் சுழி

இதை எழுத வேண்டும் என்று எட்டு ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாலைந்து முறை நோட்டை எடுத்துக்கொண்டும் உட்கார்ந்தேன். எதை எழுதினாலும் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பது சின்ன வயசிலிருந்து என் பழக்கம். அந்த ‘உ’வைப் போட்டதும் பேனா அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு வரி ஓடாது. நோட்டை மூடி வைத்துவிடுவேன். ஏன் ஓடவில்லை என்பது படித்துக்கொண்டே வந்தால் உங்களுக்கே தெரியும்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது எழுத வைத்தது இரண்டு பிள்ளைகள். போன ஆடி மாதம் செஞ்சியில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். புது டயர் செய்கிற ஒரு கம்பெனி, திண்டிவனம் சாலையில் தானே ஒரு ரீபட்டன் பட்டறை திறந்திருக்கிறது. அதில் வேலை பார்க்கிறவர்கள். “ஐயா, பழைய டயர கையால தடவியே சொல்லுவீங்களாமே, அத எழுதிக் குடுங்க” என்றார்கள். இன்னொன்றும் கேட்டார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரீபட்டன் என்றால் தெரியாதவர்களுக்கு: டயரின் மேல்பக்கத்தில் ரோட்டைப் பிடிக்கிற கட்டை கட்டையான ரப்பரைத்தான் பட்டன் என்போம். ஓடி ஓடி அது தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். ஆனால் உள்ளே இருக்கிற கூடு நன்றாக இருந்தால், அதன் மேல் புது ரப்பர் ஒட்டி, வேகவைத்து, மறுபடி ஓட்டலாம். நல்ல கூடு இரண்டு முறை தாங்கும். சிலது மூன்றும் தாங்கும். ஒரு புது டயர் வாங்கும் காசுக்கு மூன்று டயருக்கு பட்டன் போட்டுவிடலாம். லாரிக்காரர்கள் புது டயர் வாங்கும்போதே, இது எத்தனை முறை பட்டன் தாங்கும் என்று கேட்டுத்தான் வாங்குவார்கள்.

செஞ்சியில் ஒரு நயினாரின் பட்டறையில் சேர்ந்தேன். எங்கள் பக்கத்துத் தமிழ் ஜைனர்களை நயினார் என்றுதான் கூப்பிடுவோம். நாலு வருஷம் ரப்பர் தூள் பெருக்கினேன், பசை தடவினேன், அடுப்புக்கு விறகு தள்ளினேன். அப்புறம் கூடு பார்க்கிற வேலைக்கு வைத்தார். இருபத்தி ரெண்டு வருஷம் அந்த வேலை.

கூடு பார்ப்பது இப்படித்தான். டயரை ஸ்டாண்டில் மாட்டி இரண்டு பக்கத்தையும் விரித்து வைக்க வேண்டும். முதலில் கண். வெளியில் வீக்கம் இருக்கிறதா, ரிம்மில் உட்காருகிற ஓரத்தில் கம்பி தெரிகிறதா என்று ஒரு சுற்று. அடுத்தது சுத்தி. சின்னச் சுத்தியால் மேலே சாணுக்கு ஒரு தட்டு. ஒட்டு விடாமல் இருந்தால் சத்தம் நறுக்கென்று திரும்பி வரும். உள்ளுக்குள் பிரிந்திருந்தால் பழுத்த பூசணியைத் தட்டினதுபோல் அமுங்கிப் போகும். கடைசியாகக் கை. உள்பக்கம் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகச் சுற்றி வர வேண்டும். உள்ளே அடுக்கடுக்காக நூல் ஓடுகிறது. அதில் ஒன்று அறுந்திருந்தால் அரிசி மணி ஒன்று துணிக்குள் இருப்பதுபோல் தட்டுப்படும். அவசரப்பட்டால் தட்டுப்படாது. ஒரு டயருக்குக் கால் மணி நேரம். பகல் வெளிச்சத்தில் மட்டும். நயினார் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர். அவர் சாப்பிடப் போனால் கூடு பார்ப்பதும் நின்றுவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை உண்டு. வேறு எந்தப் பட்டறையிலும் நான் பார்க்காதது. வெளியே கிடக்கிற டயருக்குள் மழைத் தண்ணீர் நிற்கும். எறும்பு, பூரான், சமயத்தில் தவளை. முதல் நாளே டயரைக் கவிழ்த்து, தட்டி, நிழலில் சாய்த்து வைக்கச் சொல்வார். “உள்ள எது குடியிருக்குதோ அது மொதல்ல போவட்டும். அப்புறம் நாம கை வெப்போம்” என்பார். அவசரமாக வந்த லாரிக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். “தவள காலி பண்றவரைக்கும் நான் லோடு ஏத்தாம நிக்கணுமா மொதலாளி?” என்று ஒருவர் கேட்டார். “நிக்கணும்ப்பா” என்று மட்டும் சொன்னார்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு டயரைத் தள்ளிவிட்டால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர் வாதாட மாட்டார். அந்த ஆளின் கையைப் பிடித்து, டயருக்குள் விட்டு, நூல் அறுந்த இடத்தில் அந்த விரலையே வைத்துவிடுவார். ஒரு மினி பஸ்காரர் அப்படித்தான் கத்திக்கொண்டு வந்தார். விரல் பட்டதும், “சரி மொதலாளி, கொண்டு போயி கெணத்து மேட்டுல போட்டுக்கறேன்” என்று உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

தள்ளிய டயருக்குப் பெருக்கல் குறி. தேறியதற்கு ஒரு குறி வேண்டும் என்றார். மஞ்சள் மெழுகுக் கட்டியால் உள்பக்கம் பிள்ளையார் சுழி போட்டேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஒன் சாமி, ஒன் குறி. நான் ஒண்ணும் சொல்லல ஏழுமல. ஆனா அதுக்கு ஜவாப்பு சொல்ல வேண்டியது சாமியில்ல, நீ.”

“சரி மொதலாளி” என்றேன். அப்போது அது காதில்தான் விழுந்தது.

அந்தச் சுழிக்கு நாளடைவில் ஒரு பேர் வந்துவிட்டது. சேத்துப்பட்டு, அவலூர்பேட்டை, வந்தவாசி வரைக்கும் டிரைவர்கள் ரிம்மிலிருந்து டயரைக் கழற்றினால் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். ‘செஞ்சி சுழி இருக்குது’ என்றால் அதற்குமேல் கேள்வி இல்லை. எனக்கு அதில் பெருமை இருந்தது. பிள்ளையாருக்கு நான் செய்கிற ஊழியம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அப்படி நம்பினவர்களில் ஒருவர் அவலூர்பேட்டைத் தணிகாசலம். சொந்தமாக ஒரு சின்ன லாரி. சுற்று வட்டார நெல் மூட்டையைச் செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு ஏற்றி வருவார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பட்டறைக்கு வந்தாலே கலகலப்புத்தான். “அண்ணா, ஒன் புள்ளையாரு நாலு பேரு என் வண்டிக்கடியில உருண்டுக்கினு கெடக்கறாங்க. நான்தான் அவங்கள ஊரு சுத்தக் கூட்டிக்கினு போறேன்” என்பார். அவருடைய டயர் ஒன்றுக்கு நானே இரண்டு முறை கூடு பார்த்துச் சுழி போட்டிருந்தேன். இரும்பு மாதிரி கூடு அது.

பிறகு அந்த எக்சேஞ்சு வந்தது. பழைய டயர் எதுவானாலும் கொண்டு வாருங்கள், புது டயர் விலையில் பெரிய தள்ளுபடி என்று பெரிய டயர்க் கடையில் பேனர் கட்டினார்கள். கம்பெனியே தள்ளுபடியைக் கொடுத்தது. ஜனங்கள் உருட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு மாதத்தில் எங்கள் பட்டறை வாசலில் நல்ல கூடு வருவது நின்றது. வந்ததெல்லாம் சொத்தை. பத்துக்கு எட்டு பெருக்கல் குறி போட்டேன். பக்கத்து ஊர்ப் பட்டறைகளில் அதையும் வாங்கி பட்டன் போட ஆரம்பித்தார்கள். நயினார் போடவில்லை.

ஒரு நாள் அடுப்பு எரியவில்லை. அவர் ஸ்டாண்டு பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து சொன்னது இன்னும் என் மனசில் இருக்கிறது.

“இத்தினி வருஷம் நமக்குச் சோறு போட்டவன் யாரு தெரியுமா? அந்தக் கம்பெனிக்காரன்தான். அவன் கூட்ட நல்லா செஞ்சான், அதனால நாம ரெண்டு தபா பொழச்சோம். அவன் எவ்ளோ நல்லா செய்யறானோ, அவ்ளோ நாளு அவன் புது டயரு விக்காது. அத இப்பத்தான் கணக்கு பாத்திருக்கான்.”

“அதுக்கு இன்னா பண்றது மொதலாளி?”

“பழசு நம்ம கைக்கு வராம பண்ணிட்டான். அவ்ளோதான். அவன் மேல கோவம் இல்ல. ஆனா ஒண்ணு நெனச்சிப் பாக்கல. ரெண்டு தபா பட்டன் தாங்கும்னுதான் அவன் டயர அவ்ளோ வெல குடுத்து வாங்குனாங்க. இனிமே ஒரு தபாதான்னா, அவ்ளோ வெல யாரு குடுப்பான்?”

அந்த வருஷம் பொங்கலோடு பட்டறையை மூடினார். எல்லோருக்கும் முறையாகச் செய்து அனுப்பினார்.

எனக்கு வீட்டில் இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதம் சும்மா இருந்தேன். அந்தப் பெரிய டயர்க் கடையின் மேனேஜர் ஆள் அனுப்பினார். சின்ன வயசு, மரியாதையான மனுஷன். ஊருக்கு வெளியே ஒரு யார்டில், எக்சேஞ்சில் வந்த டயரைக் குவித்து வைத்திருந்தார்கள்.

“ஐயா, நல்ல கூடு எது, மோசமானது எதுன்னு நீங்க பிரிச்சிக் குடுக்கணும்.”

“பிரிச்சி?”

“நல்லத சைடுல அறுத்துடுவோம். அறுத்துட்டா யாரும் பட்டன் போட முடியாது. கம்பெனி ஆர்டர்.”

“அப்ப மோசமானது சார்?”

“அத எவன் பட்டன் போடப் போறான்? அதுக்கு எதுக்கு ஆளும் பிளேடும்? பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போயிடும்.”

என் கண்ணுக்கும் கைக்கும்தான் சம்பளம். எதைக் காப்பாற்ற அந்தக் கை பழகியதோ, அதை அறுக்கக் காட்டிக் கொடுக்கிற வேலை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். மறுநாள் சிங்கவரம் மலையேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வேலைக்குப் போனேன். சாமியிடம் கேட்டுவிட்டுப் போனேன் என்று சொல்ல மாட்டேன். முடிவு பண்ணிவிட்டுத்தான் கும்பிட்டேன்.

அறுக்கிற ஆள் மேல்மலையனூர் பக்கத்துக்காரர். வளைந்த கத்தி வைத்திருந்தார். நல்லதற்கு ஏதாவது குறி போடுங்கள், குறி போட்டதை அவர் அறுப்பார் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். முதல் டயர் நல்ல கூடு. கை தன்னால் சுழி போட்டுவிட்டது. அவரிடம் தள்ளினேன். விரித்துப் பார்த்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“யோவ் பெரியவரே, இன்னா வெளாடறியா? சாமி மேல கத்தி வெக்க சொல்றியா? எனக்கு புள்ள குட்டி இருக்குதுய்யா.”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. துணியால் துடைத்தேன், மெழுகு போகவில்லை.

“அப்ப இன்னா பண்றது?”

“மாத்திப் போடு. வுட வேண்டியதுக்கு சுழி போடு. அறுக்க வேண்டியத சும்மா தள்ளு. சாமிக்கும் ஒண்ணும் ஆவாது, நமக்கும் பாவம் இல்ல.”

நல்ல யோசனையாகப் பட்டது. இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அந்த முதல் டயரை மட்டும் அறுக்காமல் ஓரமாகச் சாய்த்து வைத்தோம். அன்றிலிருந்து நல்ல டயரைக் குறி இல்லாமல் தள்ளினேன், அவர் அறுத்தார். சொத்தை டயருக்குச் சுழி போட்டு எடை லாரிக்கு அனுப்பினேன். சொத்தைக்கு வழக்கம்போல ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தால் போதும். அது எனக்குத் தோன்றவேயில்லை. கத்தி பிள்ளையார் மேல் படக்கூடாது என்பது ஒன்றுதான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டாவது மாதம் ஒரு டயர் கைக்கு வந்தது. உள்ளே என் பழைய சுழி இரண்டு, ஒன்றன் பக்கத்தில் ஒன்று, மங்கிப்போய் இருந்தது. தணிகாசலத்தின் டயர். கை வைத்துச் சுற்றினேன். ஒரு நூல்கூடப் போகவில்லை. அறுக்கிற ஆள் முகத்தைப் பார்த்தார். “பழைய சுழிதான். ரப்பர் தூள போட்டுத் தேச்சிடு” என்றேன். தேய்த்தார். அறுத்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கு நாலு மாதம் கழித்து, வளத்தி தாண்டி ஒரு லாரி புளியமரத்தில் மோதியது என்று கடையில் பேசிக்கொண்டார்கள். நெல் லோடு. முன் டயர் வெடித்ததாம். டிரைவர் பெயரைச் சொன்னதும் நான் பஸ் ஏறினேன். வண்டி இன்னும் அங்கேயே இருந்தது. டயர் கிழிந்து தொங்கியது. கிழிசலுக்குள் கையை விட்டேன். நூல் அறுந்த இடம் விரலில் பட்டது. அந்த இடம் என் கைக்கு முன்பே தெரியும். பக்கத்தில் மஞ்சளாகச் சுழி இருந்தது. அதன் நிறம்கூட மங்கவில்லை.

நடந்தது இதுதான். தணிகாசலம் தன் நல்ல டயரைக் கொடுத்து, முன்னால் ஒரு பக்கத்துக்குப் புது டயர் வாங்கியிருக்கிறார். இன்னொரு பக்கத்துக்கும் புதுசு வாங்க வசதி இல்லை. பக்கத்து ஊர்ப் பட்டறையில் பட்டன் போட்ட டயர் கிடைத்தது. கூடு பஞ்சத்தில் அவர்கள் எடைக் கடையிலிருந்து எடுத்துப் போட்டது. ரீபட்டன் டயரை முன்னால் போடக்கூடாது என்று நயினார் எல்லோருக்கும் சொல்லி அனுப்புவார். தணிகாசலத்துக்கும் தெரியும். ஆனால் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். செஞ்சி சுழி இருந்தது. முன்னால் மாட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவர் வலது கால் முட்டிக்கு மேல் வரை கட்டு. என்னைப் பார்த்ததும் அழுதார்.

“அண்ணா, ஒன் சுழிதான்ணா என்னைக் காப்பாத்திச்சி. டயரு போச்சி, வண்டி போச்சி, உசுரு போவல பாரு. உள்ள அவரு ஒக்காந்திருந்தாரு.”

அவர் மனைவி செல்வி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். சொல்ல வாய் திறந்தேன். அந்த அம்மா கும்பிட்ட கையைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அந்த வாரமே யார்டு வேலையை விட்டுவிட்டு, ஒரு பஞ்சர் கடையில் சேர்ந்தேன். காரணம் யாருக்கும் சொல்லவில்லை.

தணிகாசலத்துக்குக் கால் மடங்கவில்லை. வண்டியை விற்றார். ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போடுகிறார். நாங்கள் மல்லாட்டை என்போம். ஒவ்வொரு வருஷமும் முதல் மகசூலில் ஒரு பை மல்லாட்டை என் வீட்டுக்கு வந்துவிடும். சுழி போட்ட அண்ணனுக்கு. என் மனைவி அவித்து வைப்பாள். நான் தின்பேன். சுழி டயர் டிரைவரைக் காப்பாற்றிய கதை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பரவியது. என்னிடமே வந்து சொன்னார்கள். தலையாட்டினேன்.

இப்போது அந்தப் பிள்ளைகள் கேட்ட இரண்டாவது விஷயம். பழசை அறுத்தால் புதுசுக்கும் அந்த விலை கிடைக்காது, பழசிலும் காசு இருக்கிறது என்று அதே கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. நயினார் சொன்ன கணக்கு திரும்பி வந்துவிட்டது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. “ஐயா, நீங்க வாரத்துல ரெண்டு நாளு வந்து பாருங்க. உங்க சுழியப் போடுங்க. அது இருந்தா ஜனங்க நம்புவாங்க” என்றார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மறுநாள் அவலூர்பேட்டை போனேன். தணிகாசலம் காலை நீட்டி உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

“வாண்ணா! இன்னா திடீர்னு? செல்வி, அண்ணனுக்குக் காபி போடு.”

உட்காராமலே சொன்னேன். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை. அவர் கை உடைத்துக்கொண்டே இருந்தது. முடித்ததும் கேட்டார்.

“நான் எக்சேஞ்சுல குடுத்த டயரு இன்னா ஆச்சி?”

“என் கைக்கு வந்திச்சி.”

“நல்லா இருந்திச்சா?”

“நல்லா இருந்திச்சி. அறுத்துட்டோம்.”

இப்போது கை நின்றது.

“என் நல்லத அறுத்துட்டு, எவனோ சொத்தைய எனக்கு அனுப்பி வெச்சிருக்க. அதுவும் சாமி பேரப் போட்டு.”

“ஆமா.”

“நான் இத்தினி வருஷமா அந்த சுழிக்குத் தேங்கா ஒடைக்கறேன்ணா. ஒனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சிக்கினே என் மல்லாட்டைய துன்ன?”

“துன்னேன் தணிகா.”

செல்வி காபியோடு வந்து நின்றார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தணிகாசலம் வெகுநேரம் தோலையும் பருப்பையும் தனித்தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு, “அவருக்குக் குடு” என்றார். அண்ணா என்று சொல்லவில்லை.

நான் காபியைக் குடித்து முடித்ததும் சொன்னார்: “தேங்கா ஒடைக்கறத நான் நிறுத்த மாட்டேன். உசுரு இருக்குதில்ல, அதுக்கு. ஆனா அந்தப் புதுக் கடைல சுழி போடாத. அவர இதுல இழுக்காத. ஒன் பேர எழுது. எவன் கை வெச்சிப் பாத்தானோ அவன் பேரு உள்ள இருக்கட்டும். வெடிச்சா யாரு ஊட்டுக் கதவ தட்டணும்னு தெரியணும்ல?”

நயினார் என்றைக்கோ சொன்னதுதான். இரண்டாவது முறை கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தப் பிள்ளைகளுக்கு என் பதில் இது. நான் வரமாட்டேன், என் விரலுக்கு இப்போது அரிசி மணி தட்டுப்படுவதில்லை. கூடு பார்க்கிற முறையை மேலே எழுதியிருக்கிறேன், அதையே செய்யுங்கள். தேறியதில் பார்த்தவன் தன் பேரை எழுதட்டும். தேறாததை, புது டயருக்கு அது போட்டியில்லை என்று முழுசாக விட்டுவிடாதீர்கள். அறுப்பதென்றால் அதை அறுங்கள்.

இந்த வருஷம் மல்லாட்டை வரவில்லை. வராததில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது.

இதை நாலு பேருக்குக் கொடுங்கள், படித்துக் காட்டுங்கள். ஆனால் எதையும் மாற்றாதீர்கள். என் பேரை எடுத்துவிட்டு ஒரு தொழிலாளி என்று போடாதீர்கள். கம்பெனியைத் திட்டி இரண்டு வரி சேர்க்காதீர்கள், அறுக்கிற ஆள் மேல் பழி போடாதீர்கள். முக்கியமாக, சுழி காப்பாற்றியது என்று முடித்துவிடாதீர்கள். அது கேட்க நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானே அதைக் கேட்டுக்கொண்டு எட்டு ஒன்பது வருஷம் இருந்தவன்.

இந்த முறை காகிதத்தின் தலையில் சுழி போடவில்லை. ஏழுமலை என்று என் பேரை எழுதிவிட்டு ஆரம்பித்தேன். பேனா நிற்கவில்லை.